புல்லுக்கு அடியில் 20,000 ஆண்டுகள்

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில் சாண்டிநல்லா. சுற்றிலும் புல் மூடிய குன்றுகள், நடுவே கால் வைத்தால் அமுங்கும் சதுப்பு. அங்கே குழி எடுத்தால் கன்னங்கரேலென்று, ஈரம் சொட்டச் சொட்ட ஒரு பொருள் வெளிவரும். சேறு என்று தோன்றும். விரலால் பிரித்துப் பார்த்தால், மேலடுக்கில் புல்லின் நார் இன்னும் தெரியும். ‘பீட்’ என்கிறார்கள். மக்காமல் தங்கிவிட்ட புல்லும் வேரும்தான் இது.

இந்தச் சதுப்பு மண்ணை ஆராய்ந்த இந்திய விஞ்ஞானிகளின் கட்டுரை 1993-ல் வெளியானது. புற்களில் பலவும், மலைப்பள்ளங்களில் நிற்கும் சோலைக் காட்டு மரங்களும் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் முறை வேறு வேறு. அதனால் அவை விட்டுச்செல்லும் கார்பனில் கனமான அணுக்களின் விகிதமும் மாறுபடும். அந்த விகிதத்தை அடுக்கு அடுக்காக அளந்து, எந்தக் காலத்தில் இந்த மலையில் புல் ஓங்கியிருந்தது, எப்போது மழை பெருகி மற்ற தாவரங்கள் மேலேறின என்று படித்துவிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பனியுகத்தின் உச்சத்தில், மலை வறண்டு புல்லாக இருந்திருக்கிறது. ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்பு பருவமழை வலுத்திருக்கிறது. பிறகு வறட்சி, மீண்டும் ஈரம். இத்தனையும் நடந்த பிறகும் அந்தப் பழைய புல்லின் கார்பன் அங்கேயே கிடக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமான செய்தி.

காடும் கார்பனும் என்று பேசத் தொடங்கினாலே நம் கண் மேலேதான் போகிறது, மரத்தை நோக்கி. அதில் உண்மை இல்லாமல் இல்லை. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். ஒரு டன் கார்பன் எரிந்தால் சுமார் 3.67 டன் கரியமில வாயு. ஆனால் இலை பகலில் உள்ளே இழுப்பதில் பெரும்பங்கை மரத்தின் சுவாசமும், உதிர்ந்த சருகைத் தின்னும் நுண்ணுயிர்களும் திருப்பிக் காற்றுக்கே கொடுத்துவிடுகின்றன. அந்தக் கொடுக்கல் வாங்கலில் மிஞ்சுவது கொஞ்சம். உலகம் முழுவதும் பார்த்தால், தாவரங்களிலும் காற்றிலும் இருப்பதைக் கூட்டினாலும் அதைவிட மண்ணில் இருக்கும் கார்பன் அதிகம். சதுப்பில் தண்ணீர் தேங்கி நிற்பதால் ஆக்சிஜன் இறங்காது, நுண்ணுயிர்கள் முடங்கிவிடும், செத்த புல் ஊறுகாய் ஜாடிக்குள் இருப்பதுபோல் கெடாமல் கிடக்கும். ஜாடியைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

2030-க்குள் காடும் மரங்களும் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவைச் சேமிக்கும்படி செய்வோம் என்று இந்தியா உலகுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. நல்ல வாக்கு. அதை நிறைவேற்ற எல்லோருக்கும் எளிதாகத் தெரியும் வழி, காலி இடம் பார்த்து மரம் நடுவது. எது காலி இடம்? நம் வனப்பரப்புக் கணக்கில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதத்துக்கு மேல் மரநிழல் விழுந்தால் அது காடு. தோப்பும் காடு, தைலமரத் தோட்டமும் காடு. நீலகிரியின் புல்வெளி காடு இல்லை. இத்தனைக்கும் இந்தியக் காடுகளின் கார்பனில் பாதிக்கு மேல் மண்ணில்தான் இருக்கிறது என்று அதே கணக்கே சொல்கிறது. மரத்தை எண்ணிவிட்டு மண்ணை மறப்பது எத்தனை ஆபத்து என்பதற்கு இந்த மலையைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

ஆங்கிலேயர்கள் 1840-களிலேயே இங்கே கற்பூர மரம் எனப்படும் தைலமரத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள், ஊட்டியின் விறகுத் தேவைக்காக. தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை எனப்படும் வாட்டில் மரம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகுதான் உண்மையான வெள்ளம்: காகிதக் கூழுக்கும் பட்டைக்கும் என்று மலைமலையாக நட்டார்கள். 1980-களின் இறுதியில் நடுவதை நிறுத்தினாலும் சீகை நிற்கவில்லை. தானாகவே விதை உதிர்த்துப் புல்வெளிக்குள் ஊர்ந்துகொண்டே போகிறது. கொடைக்கானலைச் சுற்றிய பழனி மலையில் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. நாற்பது ஆண்டுகளில் அங்கே மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டது. ஆனால் அதே படத்தை மரங்களைத் தேடுகிற கண்ணோடு பார்த்தால், பசுமை கூடியிருக்கிறது என்றுதான் தெரியும்!

சீகைக் காட்டுக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். நெருக்கமான ஒல்லித் தண்டுகள், தரையில் பழுப்புச் சருகு, அதற்குக் கீழே புல் என்று ஒன்றும் இல்லை. பத்தடி தள்ளி, மரம் ஏறாத சரிவில் புல்லைப் பிடித்து இழுத்தால் கை வலிக்குமே தவிர எளிதில் வராது. வேர் அத்தனை அடர்த்தி. மழை அந்த வேரில் பிடிபட்டு, கசிந்து, பள்ளத்துச் சதுப்புக்கு வருகிறது. நீலகிரியின் கிளன்மார்கனில் அடுத்தடுத்த இரண்டு நீர்ப்பிடிப்புகளில், ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதில் கற்பூர மரம் நட்டு, பல ஆண்டுகள் ஓடைநீரை அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றிலேயே மரம் நட்ட பக்கம் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. மேல்சரிவில் மரம் தண்ணீரைக் குடித்தால் கீழே சதுப்பு வற்றும். சதுப்பு வற்றினால் ஆக்சிஜன் உள்ளே இறங்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உறங்கிய கார்பன் கரியமில வாயுவாக வெளியேறத் தொடங்கும். மேலே முப்பது வருடத்துச் சீகையில் சேர்ந்ததை வரவில் எழுதுகிறோம். கீழே கரைவது எந்தப் பக்கத்திலும் ஏறுவதில்லை.

வெப்பம் கூடக் கூட இது இன்னும் மோசமாகும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அதிகாலையில் இந்தப் புல்வெளிகள் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். சோலை மரத்தின் இளங்கன்று அந்தக் குளிரில் கருகிவிடும்; புல் கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். சோலை பள்ளத்திலும் புல் மேட்டிலும் தனித்தனியாக நிற்பதற்குப் பெருங்காரணம் இந்தப் பனிதான். இரவுகள் சூடானால் அந்தக் காவல் தளரும். 2020-ல் வெளிவந்த ஒரு நீலகிரி ஆய்வு இதைக் கன்றுகளை நட்டே காட்டியது. சோலைக் கன்றுகள் புல்வெளியில் தாக்குப்பிடிக்கத் திணற, அந்நிய மரமான சீகைதான் சமாளித்து நின்றது. இன்னொரு ஆய்வில் புல்வெளியின் மேல் கூரையில்லாத சிறு தடுப்புகளை நிறுத்தி, உள்ளே காற்றைச் சற்றே சூடாக்கி, மண் விடும் மூச்சை அளந்தார்கள். சூட்டில் மண் அதிகமாகக் கரியமில வாயு விட்டது. அதில் பெரும்பங்கு வேர்கள் விட்டதல்ல, நுண்ணுயிர்கள் விட்டது.

சீகையும் கார்பன்தானே பிடிக்கிறது, வெட்டினால் மண் கிளறப்பட்டு இழப்பு வராதா, அதன் நிழலில் சில இடங்களில் சோலைக் கன்று முளைக்கிறதே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். சில சரிவுகளில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் மரத்தில் உள்ள கார்பன் எத்தனை நாளைக்கு? கூழாகி, காகிதமாகி, குப்பையாகி, சில வருடங்களில் காற்றுக்கே திரும்பும். காய்ந்த கோடையில் ஒரு தீ போதும். கலிஃபோர்னியாவைப் பற்றி 2018-ல் வந்த ஆய்வு, தீயும் வறட்சியும் பெருகும் காலத்தில் மரத்தைவிடப் புல்வெளியை நம்பலாம் என்றது. புல் தன் சேமிப்பை மண்ணுக்குள் வைத்திருப்பதே காரணம். அமேசானின் தென்கிழக்குப் பகுதி பிடிப்பதைவிட அதிகமாக வெளியிடுகிறது என்ற செய்தி 2021-ல் வந்தபோது உலகமே அதிர்ந்தது. அத்தனை பெரிய காடே தடுமாறும்போது, தோட்டத்து மரங்களை நம்பி எப்படிக் கணக்கெழுதுவது?

புல்வெளியோடு போவது கார்பன் மட்டுமல்ல. நீலகிரியின் பழங்குடியினரான தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேயும் புல் சதுப்போரம் விளைவது. அதைத் தேடி இப்போது வெகுதூரம் போகவேண்டியிருக்கிறது. வரையாடு மேய்வதும் இந்தப் புல்லில்தான். வரையாட்டைப் பாதுகாக்கத் தனித் திட்டம் வந்திருக்கிறது, மகிழ்ச்சி. அந்நியத் தாவரங்களை அகற்ற 2022-ல் தமிழகத்தில் கொள்கையும் வகுக்கப்பட்டது. மலையில் சீகை வெட்டும் வேலை அங்கங்கே நடக்கிறது.

வெட்டுவது வேலையில் கால்வாசிகூட இல்லை. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெயில் பட்டதும், தீ பட்டதும் கும்பலாக முளைக்கும். ஒரு சரிவை வெட்டிவிட்டுப் போய் இரண்டு மழை கழித்து வந்தால், முன்பைவிட நெருக்கமாக இடுப்பளவு நிற்கும். வருடா வருடம் ஆட்கள் போய், நாற்றைக் கையால் வேரோடு பிடுங்கி, வெறும் இடத்தில் உள்ளூர்ப் புல்லின் நாற்றை நட்டு, அது பிடிக்கும்வரை காக்கவேண்டும். இதற்குப் பத்து, பதினைந்து வருடக் கூலி வேண்டும். மரம் வெட்டினால் கட்டை விற்றுக் காசு வரும். நாற்றுப் பிடுங்கினால் வராது. கார்பன் பெயரில் பணம் திரட்டுகிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்களிடம் நான் கேட்பது இந்தக் கூலியைத்தான். முதல் வருடத்துக் கூலி எப்படியும் கிடைத்துவிடும், எட்டாம் வருடத்துக்கும் ஒதுக்குங்கள்.