பற்றரித் துறப்பணம்: பழுதறிதலும் திருத்துதலும்

கமக்காரரே, வேலியடைத்தல், கொட்டில் அமைத்தல், பனஞ்சிலாகையில் துளையிடுதல் முதலிய வேலைகளுக்கு, ‘டிறில்’ எனப் பலரும் வழங்கும் பற்றரித் துறப்பணம் இன்று பெரிதும் பயன்படுகின்றது. தலைமன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களிற் கடற்காற்றுடன் வரும் உப்பும் மணலும் இக்கருவிக்குப் பகையாகும். எனினும், ஓடாது நின்ற கருவிகள் யாவும் கெட்டுப்போனவை அல்ல. புதியதொன்றை வாங்குமுன் கீழ்க்காணும் ஒழுங்கிற் சோதித்தல் நன்று.

1. விசை அழுந்தாவிடின், திசைமாற்றி நடுநிலையில் நிற்கின்றதா எனப் பார்க்க. அந்நிலையில் விசை பூட்டப்பட்டிருக்கும். அதனை ஒரு பக்கம் தள்ளினாற் போதும்.

2. மோட்டர் சுழன்றும், ‘டக் டக்’ என்னும் ஒலியுடன் அலகு நின்றுவிடின், எண்கள் பொறித்த வளையத்தைத் துளையிடும் குறிக்குத் திருப்புக. சிறிய எண்களில் அது பாரத்துக்கு வழுக்குமாறே அமைக்கப்பட்டுள்ளது.

3. சற்றும் இயங்காவிடின், பற்றரியைக் கழற்றி, உலோகத் தொடுமுனைகளை நோக்குக. பச்சை நிறக் களிம்பு பிடித்திருப்பின், மதுசாரம் தோய்த்த துணியால் துடைத்து, நன்கு உலர்ந்தபின் பொருத்துக. நீர் பயன்படுத்தலாகாது.

4. பின்னர் மானி கொண்டு பற்றரியை அளக்க. 18 வோல்ற்று இலிதியம் பற்றரியில் 3.6 வோல்ற்றுக் கலங்கள் ஐந்து தொடராக உள்ளன. முழுதும் மின்னேற்றியபின் அது 20 முதல் 21 வோல்ற்று வரை காட்டுதல் வேண்டும். வெயிலிற் கிடந்து சூடேறிய பற்றரியைப் பல மின்னேற்றிகள் ஏற்கமாட்டா. நிழலில் ஆறவிட்டு மீண்டும் முயல்க. அதன் பின்னும் ஏற்காவிடின் பற்றரியை மாற்றுக.

5. மோட்டர் விட்டுவிட்டு ஓடி, தீப்பொறி மிகுமாயின், காபன் தூரிகைகள் தேய்ந்திருக்கலாம். பற்றரியைக் கழற்றியபின் இரண்டையும் ஒருங்கே மாற்றுக. தூரிகையற்ற மோட்டர்களில் இவை இல்லை.

எச்சரிக்கை: இலிதியம் பற்றரியை உடைத்துத் திருத்த முயலாதீர். வாகனப் பற்றரியிலோ சூரியத் தகட்டிலோ நேரே இணைத்து மின்னேற்றாதீர். வீங்கியதும், நசுங்கியதும், கடல்நீரில் விழுந்ததுமான பற்றரி பின்னர் தானே தீப்பற்றக் கூடும். அதனை மின்னேற்றாது, கிடுகு வேய்ந்த கூரைக்கும் வைக்கோற் போருக்கும் தூரமாக வெளியே வைக்க. ஒரு பற்றரியின் விலையை மீதப்படுத்த எண்ணி வீட்டை இழத்தல் தகாது.

வேலை முடிந்ததும் மணலைத் தட்டித் துடைத்து, பற்றரியைக் கழற்றி, இறுக மூடும் பெட்டியில் வைக்க. நெடுநாள் வைப்பதாயின் பாதியளவு மின்னேற்றி, குளிர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். சோளகக் காற்றின் மணலிலிருந்து இவ்வாறு காக்கப்பட்ட கருவி, கட்டுக்கரைக்குளத்து வயல்களிற் காலபோக வேலை தொடங்கும்போது ஆயத்தமாயிருக்கும்.