பெயர் வைப்பதும் பாகம் பிரிப்பதும்

வீட்டில் ஸ்டோர் ரூம் என்று ஒன்று இருந்தால் போதும், எங்கே வைப்பதென்று தெரியாத பொருளெல்லாம் அங்கே போய்ச் சேரும். மென்பொருள் நிறுவனங்களிலும் அப்படி ஓர் அறை உண்டு. அதற்குப் பெரும்பாலும் 'காமன்' அல்லது 'யூட்டில்ஸ்' என்று பெயர்.

ஒரே வேலையைச் செய்யும் நிரலைப் பத்து இடங்களில் எழுதாமல், ஒருமுறை எழுதி எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வைக்கும் தொகுப்பைத்தான் 'லைப்ரரி', அதாவது நிரல் நூலகம் என்கிறோம். அதை எப்படிப் பிரிப்பது, என்ன பெயர் வைப்பது என்று பேசத் தொடங்கினால், "இதற்கெல்லாமா கூட்டம்?" என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளையர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் ஜிஎஸ்டி.

சிங்கப்பூரில் பொருள், சேவை வரி 2023 ஜனவரி 1ஆம் தேதி 7 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடானது. அடுத்த ஆண்டு அதே நாளில் 9 விழுக்காடானது. வரியைக் கணக்கிடும் நிரலும் மின்னஞ்சல் அனுப்பும் நிரலும் ஒரே 'காமன்' நூலகத்தில் கிடந்தால் என்ன ஆகும்? வரிக்காகப் புதிய பதிப்பு வெளியிடும்போது, வரிக்குச் சம்பந்தமே இல்லாமல் மின்னஞ்சல் மட்டும் அனுப்பும் குழுவும் தன் மென்பொருளை மீண்டும் சோதிக்க வேண்டும். நேரமில்லாத குழு பழைய பதிப்பிலேயே தங்கிவிடும். பிறகு ஒரு பாதுகாப்புக் குறையைச் சரிசெய்து புதிய பதிப்பு வந்தாலும், அது அந்தக் குழுவுக்குப் போய்ச் சேராது. வாடிக்கையாளரின் விவரங்கள் திருடுபோக அந்த ஓட்டை போதும்.

ஆகவே, ஒரே காரணத்துக்காக மாறுபவை ஒன்றாக இருக்கட்டும், வெவ்வேறு காரணங்களுக்காக மாறுபவை பிரிந்து இருக்கட்டும் என்பதே என் விதி.

அதற்காகப் பொடிப்பொடியாக நறுக்குவதும் ஆபத்து. ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களின் பொதுக் கிடங்கான 'என்பிஎம்'மில், 2016 மார்ச்சில் ஒரு பெயர்த் தகராறு. 'கிக்' என்ற பெயர் ஒரு நிரலாளருக்கா, அதே பெயர் கொண்ட நிறுவனத்துக்கா? பெயர் நிறுவனத்துக்குப் போனது. கோபம் கொண்ட நிரலாளர் தம் நூலகங்கள் அனைத்தையும் நீக்கிவிட்டார். அவற்றில் ஒன்று 'லெஃப்ட்-பேட்'. ஒரு சொல்லின் இடப்பக்கத்தை நிரப்பித் தேவையான நீளத்துக்குக் கொண்டுவரும் 11 வரி நிரல், அவ்வளவுதான். அது இல்லாமல் உலகெங்கும் பல மென்பொருள்களை உருவாக்கும் பணி சில மணி நேரம் நின்றுபோனது.

பெயர் மோதலுக்கு நம் வழக்கத்திலேயே தீர்வு இருக்கிறது. ஒரே வகுப்பில் நான்கு குமார் இருந்தால் தந்தை பெயரைச் சேர்த்துத்தானே அழைக்கிறோம்? ஜாவா மொழியில் நிறுவனத்தின் இணைய முகவரியைத் திருப்பிப்போட்டு முன்னால் சேர்ப்பதும் அதுபோலத்தான்.

குழுவின் பெயரை மட்டும் நூலகத்துக்கு வைக்காதீர்கள். குழுக்கள் கலையும், இணையும். பெயரோ நிரலின் எத்தனையோ இடங்களில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அது செய்யும் வேலையே அதன் பெயராகட்டும். அந்த வேலையைச் சொல்ல 'இதுவும் அதுவும்' என்று இழுக்க வேண்டியிருந்தால், உங்கள் கையில் இருப்பது ஒரு நூலகமல்ல, இரண்டு.