ஆறு பிள்ளை வீட்டின் கணக்கு

திருகோணமலையில் புனித சூசையப்பர் கல்லூரி தொடங்கியது 1867இல். இந்துக் கல்லூரி தொடங்கியது 1897இல். இடையில் 30 வருடம். அந்த 30 வருடமும் துறைமுக நகரத்துச் சைவப் பிள்ளைகள் படிக்காமலா கிடந்தார்கள்? 'திருக்கோணாசல வைபவம்' எழுதிய வே. அகிலேசபிள்ளை 1853இல் பிறந்தவர். தி. த. கனகசுந்தரம்பிள்ளையும், 1895இல் 'மோகனாங்கி' நாவலைத் தந்த அவருடைய தம்பி தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் 1860களில் பிறந்தவர்கள். மூவருக்கும் பள்ளி வயது கடந்து வெகுகாலத்துக்குப் பிறகுதான் ஊரில் இந்துக் கல்லூரிக்குப் பெயர்ப்பலகை ஏறியது. அதற்கு முன் தமிழ் நூற்கல்விக்கு இருந்த இடங்கள் பெரும்பாலும் வீடு, திண்ணை, வாத்தியார் வீட்டு விறாந்தை.

சமயத்தின் கணக்கு இன்னும் நீளம். போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்தார்கள். அதன் கற்களைக் கொண்டே 1624இல் கோட்டை எழுப்பினார்கள். குன்றின் மேல் புதிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1963இல். இடைவெளி 341 வருடம். தலைமுறைக்கு 30 வருடம் என்று வைத்தால் பதினொரு தலைமுறை. ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்த 1795 வரைக்குமான முதல் 173 வருடத்தில் சைவ வழிபாட்டுக்குப் பல காலம் தடை இருந்தது. விரதச் சாப்பாட்டை இரகசியமாக முடித்து, வாழையிலையைக் கூரை இறப்பில் செருகி மறைத்தார்கள் என்று பழைய ஆட்கள் சொல்லுவார்கள். தேவாரம் அந்த வீடுகளில் பிள்ளைகளுக்கு வாய்வழியாகப் போயிருக்க வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இன்று மேற்கு நாடுகளில் சில பெரிய குடும்பங்கள் கிறிஸ்தவத்துக்கு முந்திய தெய்வங்களை வணங்கிக்கொண்டு, லத்தீனும் கிரேக்கமும் இலக்கணமும் தர்க்கமும் வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றன. ஐஸ்லாந்தில் பழைய தெய்வ வழிபாட்டுக்கு அரசின் அங்கீகாரம் கிடைத்தது 1973இல்தான். அங்கே அறுந்த நூலைத் தேடி முடிச்சுப் போட வேண்டியிருக்கிறது. மிஷனரி அறிக்கைகளில் 'அஞ்ஞானிகள்' என்று எழுதப்பட்ட நமக்கு நூல் அறவில்லை. அறாமல் வைத்திருக்க என்ன செலவானது, யார் கொடுத்தார்கள் என்று ஒருதரம் கூட்டிப் பார்க்கலாம்.

வீட்டில் படித்தவர்களை எண்ணிய பழைய கணக்கு ஒன்று கடலுக்கு அந்தப் பக்கம் கிடைக்கிறது. சென்னை ஆளுநர் தோமஸ் மன்றோ 1822இல் கல்விக் கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டு, 1826 மார்ச்சில் அதைத் தொகுத்து எழுதினார். மாகாணம் முழுவதும் பள்ளிகள் 12,498. படித்தவர்கள் 1,88,650, அதில் பெண்பிள்ளைகள் 4,540, நூற்றுக்கு இரண்டரை கூட இல்லை. சென்னை நகரத்தில் மட்டும் பள்ளிக்குப் போனவர்கள் 5,523. வீட்டில் உறவினரிடமோ தனி வாத்தியாரிடமோ படித்தவர்கள் 26,900க்கு மேல். ஏறத்தாழ ஐந்து மடங்கு. இதில் ஏதோ பிழை இருக்கும் என்று மன்றோவே சந்தேகப்பட்டார்.

எனக்கு அவ்வளவு சந்தேகமில்லை. காரணம் அவரே தரும் விலை. ஒரு பிள்ளைக்கு மாதச் சம்பளம் 4 அணாவிலிருந்து 8 அணா. வாத்தியாரின் மாத வருமானம் பொதுவாக 6, 7 ரூபாயைத் தாண்டாது. ஆறு பிள்ளை உள்ள வீடு 8 அணா வீதம் கொடுத்தால் 48 அணா, அதாவது 3 ரூபாய்: வாத்தியாரின் மாத வருமானத்தில் பாதி. அப்படி இரண்டு வீடு சேர்ந்தால் ஒரு வாத்தியாரை முழுதாக வைத்துக்கொள்ளலாம். மாமன் பிள்ளையும் சித்தப்பா பிள்ளையும் ஒரே வளவுக்குள் ஓடித் திரிந்த காலத்தில் பன்னிரண்டு பிள்ளை சேர்வது பெரிய காரியமில்லை. வாத்தியார் வீட்டுக்கு வருவார். பிள்ளைகள் வெளியே திண்ணைக்கும் போக வேண்டாம். ஆனால் இந்தக் கணக்கு காணியும் சாதியும் உள்ள வீட்டுக்குத்தான் ஒத்து வந்தது. பறை அடித்தவன் பிள்ளைக்கு 8 அணா இருந்தாலும் அந்த விறாந்தையில் பாய் விரித்திருக்க மாட்டார்கள். இந்தப் பழைய கல்வியைப் புகழ்பவர்கள் இந்த வரியை எழுதாமல் விடுவது வழக்கம்.

இனிப் பாடத்தின் அளவு. வாத்தியாருக்கு வாத்தியார் வரிசை மாறும்; நிகண்டையும் அந்தாதிகளையும் இங்கே சேர்க்கவில்லை. முதுகெலும்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நாளுக்கு ஒரு பாட்டு மனப்பாடம். அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அட்டமி என்று வாவு விட்டால் மாதத்துக்கு 26 பாட நாள்.

ஆத்திசூடி 109, கொன்றைவேந்தன் 91: 200 வரி, நாளுக்கு இரண்டு — 100 நாள்
உலகநீதி 13, மூதுரை 30, நல்வழி 40 — 83 நாள்
நாலடியார் — 400 நாள்
திருக்குறள் — 1,330 நாள்
நன்னூல் சூத்திரம் — 462 நாள்
கூட்டுத்தொகை — 2,375 நாள்

2,375 நாளை 26ஆல் வகுத்தால் 91 மாதம் சொச்சம். 7 வருடம் 7 மாதம். ஐந்து வயதில் விஜயதசமிக்கு ஏடு தொடக்கிய பிள்ளை பன்னிரண்டரை வயதில் நன்னூலை மூடி வைக்கும். காகிதச் செலவு அநேகமாக இல்லை. மணல், பிறகு ஓலை, எழுத்தாணி. காலத்துக்கு ஏற்ப அதன் இடத்தில் சிலேட்டும் கொப்பியும் வந்தன. செலவு முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் நேரம்.

அந்த நேரத்தை எண்ணுவோம். ஒரு பிள்ளைக்கு நாளுக்கு அரை மணித்தியாலம் போதும்: நேற்றைய பாடத்தைக் கேட்பது, இன்றைய பாடத்தைச் சொல்லிக் கொடுப்பது. 2,375 நாளுக்கு 1,187 மணித்தியாலம் 30 நிமிடம். இரண்டு பிள்ளை உள்ள வீட்டில் பெற்றோர் கொடுக்க வேண்டியது 2,375 மணித்தியாலம்.

ஆறு பிள்ளை என்றால் இதை மூன்றால் பெருக்கி 7,125 என்று எழுதத் தோன்றும். அப்படி எழுதினால் தவறு. இரண்டு வருட இடைவெளியில் பிறந்த ஆறு பேர் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவருக்கும் இரண்டாமவருக்கும் பெரியவர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள். மூன்றாவது பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது பெரியக்காவுக்கு ஒன்பது. அவர் 48 மாதம், அதாவது 1,248 பாட நாள் படித்து முடித்திருப்பார். நீதி நூல்களுக்கும் நாலடியாருக்கும் போன 583ஐக் கழித்தால் மீதி 665. குறளில் சரிபாதி. பாதிக் குறள் தெரிந்த ஒன்பது வயதுப் பிள்ளை, தம்பிக்கு ஆத்திசூடி சொல்லிக் கொடுக்கத் தாராளமாகப் போதும். நாலாவதை இரண்டாவது பார்க்கும், ஐந்தாவதை மூன்றாவது, ஆறாவதை நாலாவது. பெற்றோரின் பங்கு இரண்டு பிள்ளையோடு நிற்கிறது. அதே 2,375 மணித்தியாலம். ஒரு பிள்ளைக்கு விழும் பெரியவர் நேரம் 1,187லிருந்து 396க்கு இறங்கிவிடுகிறது.

மீதி 4,750 மணித்தியாலத்தை அக்காமாரும் அண்ணன்மாரும் கொடுக்கிறார்கள். அதில் அவர்களுக்கு நட்டம் குறைவு. ஏனென்றால் மனப்பாடத்தில் படிக்கும் செலவைவிட மறக்காமல் வைத்திருக்கும் செலவுதான் கூட. ஒரு குறளைச் சொல்ல 10 வினாடி என்றால் 1,330க்கும் 3 மணி 41 நிமிடம் 40 வினாடி. மாதம் ஒருமுறை முழுதும் சொல்லிப் பார்க்க, 26 நாளுக்குப் பங்கிட்டால் தினமும் எட்டரை நிமிடம். இது குறளுக்கு மட்டும். தம்பியிடம் பாடம் கேட்கும் அக்காவுக்கு நீதி நூல் திருப்புதல் தானாக நடந்துவிடுகிறது.

திண்ணையில் சட்டாம்பிள்ளை வைத்ததும் இதே கணக்கில்தான். சென்னை எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளின் விடுதியை 1789 முதல் நடத்திய அன்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளிக்கு எடுத்தார். தெரிந்த பையனைக் கொண்டு தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார். 1797இல் இலண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். ஏழைப் பிள்ளைகளைக் குறைந்த செலவில் படிப்பிக்க வழி தேடிய இங்கிலாந்து அதைப் பிடித்துக்கொண்டது. அங்கே அதன் பெயர் 'மதராஸ் முறை'. அடுத்த சில பத்தாண்டுகளில் மிஷனரிமார் நம் ஊர்த் திண்ணையைக் கடைசித் தரமாக மதிப்பிட்டு எழுதியபோது, இந்தக் கடன் யாருடைய பேரேட்டிலும் ஏறவில்லை.

ஆறுமுக நாவலர் 1848இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கியபோது திண்ணையைப் பெரிதாக்கவில்லை. மிஷன் பள்ளியின் உருவத்தை எடுத்துச் சைவத்தை உள்ளே வைத்தார்: வகுப்பு, அச்சிட்ட பாலபாடம், வசன நடை. சரியான முடிவென்றுதான் நினைக்கிறேன். வண்ணார்பண்ணையிலிருந்து திருமலைக்கு அந்த உருவம் வந்து சேர 49 வருடம் பிடித்தது. பெண்பிள்ளைகளுக்குச் சண்முக வித்தியாலயம் 1923இல். அதற்கு மேலும் 26 வருடம். 1925இல் இந்துக் கல்லூரியை இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பெடுத்தது.

இப்போது சட்டம் வேறு. 2016 முதல் 5 வயதிலிருந்து 16 வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். அரசாங்கம் 1980 முதல் பாடப்புத்தகமும் 1993 முதல் சீருடைத் துணியும் இலவசமாகக் கொடுக்கிறது. சாதாரண தரப் பரீட்சையின் ஒன்பது பாடத்தில் சமயமும் ஒன்று. நம் பிள்ளைக்கு அது சைவநெறி. ஆகவே பாடசாலையை விட்டு விலக வேண்டிய தேவையும் இல்லை, பெரும்பாலானோருக்கு வசதியும் இல்லை. வீட்டுக் கல்வி என்றால் பாடசாலை 7.30க்கு மணியடிப்பதற்கு முன்னும் 1.30க்கு விட்ட பின்னும்தான்.

பின்னேரத்தை ரியூசன் எடுத்துக்கொள்கிறது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் வருடத்தில் ஞாயிறும் போய்விடும். எஞ்சுவது விடிய ஐந்து மணியும், பொழுதுபட்டு விளக்கு வைக்கிற நேரமும். சீனக்குடாவில் மாவாலையிலோ சீமெந்துத் தொழிற்சாலையிலோ முறை வேலைக்குப் போகும் அப்பாவுக்கு இரண்டு நேரமும் நிச்சயமில்லை. மீன்பிடிக்கிற வீட்டிலும் அப்படித்தான். ஆகவே 2,375 மணித்தியாலத்தில் பெரும்பங்கு அம்மாவின் தலையில், அல்லது அம்மம்மாவின் தலையில். ரியூசன் வாத்தியாருக்கு மணிக்கணக்கில் காசு எண்ணிக் கொடுக்கும் வீட்டில், அம்மாவின் மணித்தியாலத்துக்குப் பக்கத்தில் யாரும் தொகை எழுதுவதில்லை.

பழைய எண்சுவடியை நான் திருப்பிக் கேட்க மாட்டேன். முந்திரி 320இல் ஒன்று. காணி 80இல் ஒன்று. மா 20இல் ஒன்று. மாகாணி 16இல் ஒன்று. இவற்றை ஒன்றோடொன்று பெருக்கி வாய்பாடாக ஒப்பித்தார்கள். நெல் அளந்த காலத்துக்கு வேண்டியிருந்தது. சரக்கு இறக்குகிற துறைமுகத்தில் தசமம் தெரிந்தால் போதும். குறளுக்கு அந்த நிலை வரவில்லை.

தேவாரத்துக்குத்தான் கணக்கு வேறு மாதிரிப் போகிறது. சம்பந்தர் 384, அப்பர் 312, சுந்தரர் 100. கூட்டினால் 796 பதிகம். மாதம் ஒன்று என்று ஒருவர் படித்தால் 66 வருடம் 4 மாதம் வேண்டும். எவரும் தாங்க மாட்டார்கள். ஆறு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 132 அல்லது 133. பதினொரு வருடத்தில் ஒரு வீட்டுக்குள் தேவாரம் முழுதும் இருக்கும், ஆனால் ஒருவரிடமும் முழுதாக இராது. இரண்டு பிள்ளை வீட்டில் அதே வேலைக்கு 33 வருடம் போகும். நாலு வீடு சேர்ந்தால் எட்டுப் பிள்ளை. எட்டு வருடம் நாலு மாதத்தில் முடியும். அறநெறிப் பாடசாலைக்கு அதே பிள்ளைகள் ஞாயிறு காலையில் வருகிறார்கள். பஞ்சபுராணத்தின் ஐந்து பாட்டோடு நிற்காமல் பதிகங்களைப் பெயர் போட்டுப் பிரித்துக் கொடுக்க ஒரு கொப்பியும் ஒரு சனிக்கிழமைப் பின்னேரமும் போதும். கோணமலைப் பதிகம் ஒன்றுதான். அதை மட்டும் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு மற்ற 795ஐப் பங்கிடலாம்.