உங்களுக்குத் தெரியுமா? மின்சாரம் திரும்பியும் விழிக்காத கணினி

மின்தடை நீங்கி வீடெங்கும் விளக்குகள் எரிந்த பின்னரும் மேஜைக் கணினி மாத்திரம் மௌனம் சாதிக்குமானால், அது மாண்டுவிட்டதென்று விசனப்படுவதற்கு முன், அதன் பவர் சப்ளையானது மின்னழுத்தத்தின் திடீர் ஏற்றத்தாழ்வைக் கண்டு தன்னைத் தானே பூட்டிக்கொண்டிருக்கக்கூடும் என்பதையும், அணைந்த நிலையிலும் உள்ளே ஓடும் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் அப்பூட்டைத் திறக்க விடாமலிருக்கலாம் என்பதையும் அறிந்துகொள்வது அவசியம். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்தால், எஞ்சிய சக்தி வடிந்து, பிளக்கை மறுபடி செருகியதும் பல சந்தர்ப்பங்களில் யந்திரம் மீண்டும் உயிர்பெறும்.

விழித்த கணினியில் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால், மதர்போர்டிலுள்ள 3 வோல்ட் வட்ட பாட்டரியை மாற்றுக.

எழுதிக்கொண்டிருக்கும் க்ஷணத்தில் மின்சாரம் அறுபடுவதே வட்டுக்குப் பெரும் ஆபத்து. எனினும் 1993இல் விண்டோஸ் என்டியுடன் வந்த என்டிஎஃப்எஸ் கோப்பு முறை, கோப்பமைப்பில் தான் செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே பதிவேட்டில் குறித்துக்கொள்வதால், அவ்வமைப்பு பெரும்பாலும் தப்பிவிடுகிறது. சேமியாத எழுத்தோ திரும்பாது.

பவர் சப்ளைப் பெட்டியை மாத்திரம் தயவுசெய்து திறவாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதன் மின்தேக்கிகளில் பிராணாபாயம் விளைவிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.