டீச்சருக்கும் கணக்கென்றால் பயம்

சென்ற மாதம் ஒரு விருந்தில் பக்கத்தில் அமர்ந்திருந்த பெண்மணி, இங்கே அமெரிக்காவில் ஆரம்பப் பள்ளி ஆசிரியைக்கான படிப்பில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். மொழிப்பாடம், குழந்தை உளவியல் எல்லாவற்றிலும் 'ஏ' வாங்குபவர். "கணக்கு வகுப்பு இருக்கிற நாளில் மட்டும் காலையிலேயே வயிற்றைப் பிசைகிறது" என்றார், சிரித்துக்கொண்டே.

அவருக்குத் துணை ஏராளம். ரே ஹெம்ப்ரீ என்ற ஆய்வாளர் 1990ல் 151 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். கல்லூரி மாணவர்களில் கணித அச்சம் மிக அதிகமாக இருந்தது ஆரம்பப் பள்ளி ஆசிரியராகப் படிப்பவர்களிடம்தான். கணக்கு அதிகம் வேண்டாத படிப்பு எது என்று தேடியவர்கள் அங்கே ஒதுங்கியிருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் இந்நாட்டு ஆரம்பப் பள்ளிகளில் பெரும்பாலும் ஒரே ஆசிரியைதான் கணக்கையும் சேர்த்து நடத்துகிறார்!

கணக்குத் தெரியாததால்தான் பயம் என்று பொறியியல் படித்த நானும் நினைத்திருந்தேன். அது பாதி உண்மைதான். 2001ல் ஆஷ்கிராஃப்ட், கிர்க் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். சில எழுத்துகளை மனதில் வைத்துக்கொண்டே கூட்டல் கணக்குப் போடவேண்டும். பிறகு அந்த எழுத்துகளை ஒப்பிக்க வேண்டும். மீதி எடுத்துக் கூட்டவேண்டிய கணக்குகளில், எழுத்துகள் அதிகமானபோது, பயமுள்ளவர்கள் மற்றவர்களைவிட மிக அதிகமாகத் தவறு செய்தார்கள். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், பின்னணியில் 'பயம்' என்றொரு நிரல் ஓடிக்கொண்டு ராம் நினைவகத்தைத் தின்கிறது. கணக்குப் போட மிச்சமிருக்கும் இடம் போதவில்லை.

பயம் எங்கிருந்து வருகிறது? ஜெர்மானிய உளவியலாளர் ரைன்ஹார்ட் பெக்ரூன் 2006ல் விளக்கிய கோட்பாட்டில் இரண்டு கேள்விகள் உண்டு. இது என் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? இது எனக்கு முக்கியமா? முக்கியம், ஆனால் கைக்குள் இல்லை என்றால் பயம். முக்கியமே இல்லை என்றால் சலிப்பு. தேர்ச்சி பெறாவிட்டால் வேலையில்லை என்ற நிலையில் இருக்கும் பயிற்சி ஆசிரியைக்கு எது வரும் என்று சொல்லத் தேவையில்லை.

மதிப்பெண்ணோடு போனால் பரவாயில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் சையன் பைலாக் குழுவினர் 2010ல் வெளியிட்ட ஆய்வு 17 ஆசிரியைகளையும் அவர்களிடம் முதல், இரண்டாம் வகுப்பு படித்த 65 சிறுமிகள், 52 சிறுவர்களையும் பற்றியது. ஆண்டுத் தொடக்கத்தில் ஆசிரியையின் பயத்துக்கும் குழந்தைகளின் கணக்குக்கும் தொடர்பில்லை. ஆண்டு முடிவில், பயம் அதிகமுள்ள ஆசிரியைகளிடம் படித்த சிறுமிகள் 'கணக்கு பையன்களுக்கு, வாசிப்பு பெண்களுக்கு' என்று நம்புவது கூடியிருந்தது. அப்படி நம்பியவர்களின் கணக்குத் திறனும் குறைந்திருந்தது. பையன்களை அது தொடவில்லை. (என் மகள் இரண்டாம் வகுப்பு. உங்களுக்குக் கணக்கு பிடிக்குமா என்று அவள் டீச்சரிடம் எப்படிக் கேட்பது?)

தேர்வுக்கு முன் பத்து நிமிடம் கவலைகளை எழுதினால் மதிப்பெண் கூடும் என்று 2011ல் ராமிரெஸ், பைலாக் இருவரும் காட்டியது பரபரப்பானது. 2018ல் வேறு ஆய்வாளர்கள் அதைத் திரும்பச் செய்தபோது பலன் தெரியவில்லை. ஹெம்ப்ரீயின் தொகுப்பில் நன்றாகப் பலித்தது கொஞ்சம் மெதுவான வழி: உடலைத் தளர்த்தி, பயப்படும் சூழலைச் சிறிது சிறிதாக மனதில் கொண்டுவந்து பழக்குவது. இப்படிப் பயம் தணிந்தவர்களின் மதிப்பெண், பயம் குறைந்தவர்களின் அளவுக்கே உயர்ந்தது. அந்தப் பெண்மணிக்கு இதைத்தான் மின்னஞ்சலில் எழுதியிருக்கிறேன்.