குழாய்களை எங்கே இணைப்பது?

அனல்மின் நிலையத்தில் கொதிகலனிலிருந்து சுழலிக்கு நீராவியைக் கொண்டுசெல்லும் குழாய்களைத் தொழிற்கூடத்திலேயே பற்றவைத்து, பெரும் பாகங்களாக அனுப்பலாம். தனித்தனிக் குழாய்களாகக் கொண்டுவந்து கட்டுமானக் களத்திலும் இணைக்கலாம். எது சிறந்தது? இது பொறியாளர்களின் வினா மட்டுமன்று. இதன் விடை திட்டச் செலவிலும், அதன் வழியே மின்கட்டணத்திலும் எதிரொலிக்கிறது.

தொழிற்கூடத்தின் வலிமை அதன் ஒழுங்கு. அங்கே குழாயைச் சுழற்றி, பற்றவைப்பவருக்கு வசதியான நிலையில் வைக்கலாம். களத்திலோ குழாய் அசையாது. மனிதர்தான் சாரத்தின் மீது வளைந்தும் படுத்தும் வேலை செய்ய வேண்டும். உயர்வெப்ப நீராவிக்குப் பயன்படும், 9 விழுக்காடு குரோமியம் கொண்ட பி-91 எஃகைப் பற்றவைக்கும் முன் சூடேற்ற வேண்டும். பின்னர் சுமார் 750 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்கில் வைத்து மெல்லக் குளிரவிட வேண்டும். இடையில் மின்சாரம் தடைபட்டால் இணைப்பின் தரமே ஐயத்துக்குரியதாகிவிடும்.

அப்படியாயின் அனைத்தையும் தொழிற்கூடத்திலேயே முடித்துவிடலாமே? இயலாது. லாரியில் அடங்காத பாகத்தைச் சாலையில் கொண்டுசெல்வது கடினம். அடித்தளம் வரைபடத்திலிருந்து சிறிது விலகினாலும் ஆயத்தப் பாகம் பொருந்தாது. அதனால்தான் சில முனைகளைக் கூடுதல் நீளத்துடன் விட்டு, களத்தில் அளந்து வெட்டி இணைக்கின்றனர். சிறு குழாய்களைப் பெரும்பாலும் களத்திலேயே பொருத்துவதுதான் சிக்கனம்.

வேலைப்பகுப்பின் எல்லையைச் சந்தையின் அளவே தீர்மானிக்கிறது என்று ஆடம் ஸ்மித் 1776-இல் விளக்கினார். தொழிற்கூடத்துக்கும் அது பொருந்தும். தொடர்ந்து வேலை கிடைத்தால்தான் இயந்திரங்களில் இட்ட முதலீடு பலன் தரும். புதுக்கோட்டை மாவட்டம் திருமயத்தில், மின்நிலையக் குழாய்களுக்கெனவே பெல் நிறுவனம் நடத்தும் ஆலைக்கும் இந்த விதியே.

ஓர் இணைப்புக்கான கூலியை மட்டும் ஒப்பிட்டால் களப்பணி மலிவாகத் தோன்றக்கூடும். சாரம், சோதனை, மறுவேலை, தாமதத்தால் ஏறும் கடன் வட்டி ஆகியவற்றையும் சேர்த்தால் கணக்கு மாறும். அதேவேளையில், வரைபடம் உறுதியாகும் முன்பே தொழிற்கூடத்தில் செய்த பாகத்தை மாற்ற நேர்ந்தால் செலவு இரட்டிப்பாகும்.

எனவே, உறுதியான அளவுகள் தொழிற்கூடத்துக்கு, உறுதியற்றவை களத்துக்கு என்பதே விவேகமான பங்கீடு. அதனை ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். பின்னர் முடிவு செய்தால், அந்தத் தாமதத்தின் விலையைச் சாரத்தின் மீது அவசரமாகப் பற்றவைக்கும் ஒப்பந்தத் தொழிலாளரும், மின்கட்டணம் செலுத்தும் குடிமக்களுமே சுமப்பர்.