சிட்னி நியூமன்

சிட்னி நியூமன் (1917 ஏப்ரல் 1 – 1997 அக்டோபர் 30) கனடாவைச் சேர்ந்த தொலைக்காட்சித் தயாரிப்பாளர். ஊடக நிறுவனங்களில் உயர் பொறுப்புகளை வகித்த நிர்வாகி. கனடா, பிரிட்டன் ஆகிய இரு நாடுகளின் தொலைக்காட்சி நாடக வளர்ச்சியிலும் இவருக்குப் பெரும் பங்குண்டு. 'டாக்டர் ஹூ', 'தி அவெஞ்சர்ஸ்' ஆகிய தொடர்களின் தோற்றத்துக்குக் காரணமாக இருந்தார். சாதாரண மக்களின் வாழ்க்கை திரையில் இடம்பெற வேண்டும் என்று வலியுறுத்தியவர் இவர். ஆனால் பிற்காலத்தில், கனடாவின் அரசுத் திரைப்பட நிறுவனத்துக்குத் தலைவராக இருந்தபோது, ஆலைத் தொழிலாளரைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தை வெளிவராமல் நிறுத்தி வைத்தவரும் இவரே.

இளமை

நியூமன் கனடாவின் டொரன்டோ நகரில் பிறந்தார். பெற்றோர் ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதர்கள். தந்தை காலணிக் கடை நடத்தினார். தொழிற்கல்விப் பள்ளி ஒன்றில் ஓவியமும் வடிவமைப்பும் பயின்ற நியூமன், திரைப்படச் சுவரொட்டிகள் வரைந்து பொருளீட்டினார். 1938-இல் ஹாலிவுட் சென்றார். அங்கு வால்ட் டிஸ்னி நிறுவனத்தில் வேலை கிடைக்கும் நிலை இருந்தும், பணி அனுமதி கிடைக்காததால் நாடு திரும்பினார்.

1941-இல் கனடா தேசியத் திரைப்பட வாரியத்தில் படத்தொகுப்புப் பிரிவில் சேர்ந்தார். அதன் தலைவர் ஜான் கிரியர்சன், ஆவணப்படத் துறையின் முன்னோடி. உழைக்கும் மக்களின் அன்றாட வாழ்வே சிறந்த படத்துக்கு உரிய பொருள் என்பது கிரியர்சனின் கொள்கை. நியூமன் பின்னாளில் நாடகத் துறையில் செய்தவற்றுக்கெல்லாம் இக்கொள்கையே அடிப்படை எனலாம்.

கனடியத் தொலைக்காட்சியில்

தொலைக்காட்சி நுட்பங்களைக் கற்று வருவதற்காக, திரைப்பட வாரியம் இவரை நியூயார்க்கில் உள்ள என்.பி.சி. நிறுவனத்துக்கு அனுப்பியது. 1952-இல் கனடிய ஒளிபரப்புக் கழகம் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியபோது அதில் சேர்ந்து, ஆவணப்படங்களுக்கும் வெளிக்கள ஒளிபரப்புகளுக்கும் பொறுப்பேற்றார். 1954-இல் நாடகப் பிரிவின் மேற்பார்வையாளரானார்.

அமெரிக்க நிகழ்ச்சிகளை நகலெடுக்காமல், கனடிய எழுத்தாளர்களைக் கொண்டு கனடிய வாழ்க்கையை எழுதச் செய்ய வேண்டும் என்பது இவர் நோக்கம். ஆர்தர் ஹெய்லி எழுதிய 'ஃப்ளைட் இன்டு டேஞ்சர்' 1956 ஏப்ரலில் ஒளிபரப்பானது. பறக்கும் விமானத்தில் விமானிகள் உணவு நஞ்சாகி மயங்கிவிட, பயணி ஒருவர் விமானத்தைத் தரையிறக்குவதே கதை. எழுதியவருக்கு இதுவே முதல் தொலைக்காட்சி நாடகம். பின்னாளில் அவர் உலகப் புகழ்பெற்ற நாவலாசிரியரானார். இந்நாடகம் பிரிட்டனின் பிபிசியிலும் ஒளிபரப்பானதால், நியூமனின் பெயர் அங்கும் தெரியவந்தது.

பிரிட்டனில்: ஏபிசி

பிரிட்டனில் 1955 வரை பிபிசி மட்டுமே தொலைக்காட்சிச் சேவை நடத்தியது. பிறகு தனியார் நிறுவனங்கள் வந்தன. அவற்றுள் ஒன்றான ஏபிசி, 1958-இல் நியூமனை நாடகப் பிரிவுத் தலைவராக அழைத்தது. பெயர் ஒன்றாயினும் இது அமெரிக்காவின் ஏபிசி நிறுவனம் அன்று.

அக்காலப் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நாடகங்களில் பெரும்பாலானவை மேட்டுக்குடியினரின் வரவேற்பறைகளிலேயே நடந்தன. கடைக்காரரின் மகனான நியூமனுக்கு இது சலிப்பூட்டியது. தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியிருந்தவர்களில் பெரும்பகுதியினர் உழைக்கும் மக்கள். அவர்களுடைய பேச்சும் வீடும் கவலையும் திரையில் இல்லை. ஞாயிறு இரவுகளில் ஒளிபரப்பான 'ஆர்ம்சேர் தியேட்டர்' நாடக வரிசையை இவர் இக்குறையைப் போக்கப் பயன்படுத்தினார். ஆலன் ஓவன், ஹெரால்ட் பின்டர் முதலியோர் இதற்கு எழுதினர். பின்டர் பின்னர் 2005-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார்.

இந்நாடகங்கள் தொடக்கத்தில் நேரலையாக நடிக்கப்பட்டன. தவறினால் திருத்த வழியில்லை. 1958 நவம்பர் 30 அன்று, 'அண்டர்கிரவுண்ட்' என்ற நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே கேரத் ஜோன்ஸ் என்னும் நடிகர் தம் அடுத்த காட்சிக்கு முன் மயங்கி விழுந்து இறந்தார். மற்ற நடிகர்கள் அவருடைய பகுதியை ஈடுகட்டி நாடகத்தை முடித்தனர். ஒளிப்பதிவு நாடா பரவலானதும் நேரலை நாடகங்கள் படிப்படியாக மறைந்தன.

1961 ஜனவரியில் 'தி அவெஞ்சர்ஸ்' என்ற துப்பறியும் தொடரை இவர் தொடங்கி வைத்தார். 

பிபிசியில் செய்த மாற்றங்கள்

1963-இல் நியூமன் பிபிசி தொலைக்காட்சியின் நாடகத் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றார். முதலில் துறையை மூன்றாகப் பிரித்தார்:

1. வாரந்தோறும் அதே பாத்திரங்கள் வந்து, ஒவ்வொரு வாரமும் ஒரு கதை முடியும் தொடர்கள்.
2. ஒரே கதை பல பகுதிகளாக நீளும் தொடர்கதைகள்.
3. ஒரே ஒளிபரப்பில் முடியும் தனி நாடகங்கள்.

அதுவரை தயாரிப்பாளர், இயக்குநர் ஆகிய இரு பணிகளையும் பெரும்பாலும் ஒருவரே செய்துவந்தார். நியூமன் இரண்டையும் பிரித்தார். எதை எடுப்பது, யாரை வைத்து எடுப்பது, எவ்வளவு செலவிடுவது என்பவை தயாரிப்பாளர் பொறுப்பு. நடிகரையும் படக்கருவியையும் கொண்டு அதை நாடகமாக்குவது இயக்குநர் பொறுப்பு. இப்பிரிவினை இன்று இயல்பாகத் தோன்றலாம். அன்று புதுமையாக இருந்தது.

டாக்டர் ஹூ

சனிக்கிழமை மாலையில் விளையாட்டு நிகழ்ச்சிக்கும் இளைஞருக்கான இசை நிகழ்ச்சிக்கும் இடையே, குடும்பம் முழுவதும் சேர்ந்து பார்க்க ஒரு நிகழ்ச்சி தேவைப்பட்டது. காலத்தில் முன்னும் பின்னும் பயணம் செய்யும் முதியவர் ஒருவரின் கதையை நியூமன் முன்வைத்தார். அறிவியலும் வரலாறும் சிறுவரைச் சென்றடைய வேண்டும் என்பதற்காக, முதல் பயணிகளில் இருவர் பள்ளி ஆசிரியர்களாக அமைக்கப்பட்டனர். ஒருவர் அறிவியல், மற்றவர் வரலாறு.

தயாரிப்பாளராக 27 வயதான வெரிட்டி லாம்பர்ட்டை நியமித்தார். அப்போது பிபிசியின் நாடகத் துறையில் வேறு பெண் தயாரிப்பாளர் இல்லை. முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த 24 வயது வாரிஸ் ஹுசைன். முதல் பகுதியின் சோதனைப் பதிவு நியூமனுக்குப் பிடிக்கவில்லை. ஆயினும் அவர்களை நீக்காமல், மறுபடி எடுக்கும் வாய்ப்பைக் கொடுத்தார். 1963 நவம்பர் 23 அன்று தொடர் தொடங்கியது. அமெரிக்க அதிபர் கென்னடி கொல்லப்பட்ட மறுநாள் அது.

விசித்திர உயிரினங்கள் தொடரில் வரக்கூடாது என்று நியூமன் முன்பே கூறியிருந்தார். ஆனால் இரண்டாம் கதையிலேயே 'டாலெக்' என்ற இயந்திர உறைக்குள் வாழும் உயிரினங்கள் வந்தன. நியூமன் சினந்தார். சிறுவர்களோ அவற்றைக் கொண்டாடினர். தம் விதியை மீறிய தயாரிப்பாளரே வென்றார் என்பதை நியூமன் ஏற்றுக்கொண்டார்.

கேத்தி கம் ஹோம்

1964 அக்டோபரில் 'தி வெட்னஸ்டே ப்ளே' என்ற தனி நாடக வரிசை தொடங்கியது. இதில் 1966 நவம்பர் 16 அன்று ஒளிபரப்பானது 'கேத்தி கம் ஹோம்'. ஜெரமி சாண்ட்ஃபோர்ட் எழுத, டோனி கார்னெட் தயாரிக்க, கென் லோச் இயக்கினார். ஓர் இளம் குடும்பம் படிப்படியாக வீடிழக்கிறது. இறுதியில் ரயில் நிலையத்தில் தாயிடமிருந்து குழந்தைகள் பிரிக்கப்படுகின்றனர். சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் இதைப் பார்த்தனர். வீடற்றோர் நிலை நாடாளுமன்றம் வரை பேசப்பட்டது. நியூமன் இந்நாடகத்தை எழுதவில்லை, இயக்கவும் இல்லை. இது உருவாவதற்கான இடத்தை அமைத்துக் கொடுத்தார். ஊடக நிர்வாகியின் பணி என்ன என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மீண்டும் கனடாவில்

1967 இறுதியில் பிபிசியை விட்டு விலகித் திரைப்படத் துறைக்குச் சென்றார். அங்குக் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை. 1970-இல் கனடா திரும்பி, தாம் முன்பு படத்தொகுப்பில் தொடங்கிய அதே தேசியத் திரைப்பட வாரியத்தின் தலைவரானார்.

கியூபெக் மாநிலத்தில் பிரிவினைக் கோரிக்கை வலுத்திருந்த காலம் அது. அவ்வாண்டு அக்டோபரில் தீவிரவாதிகள் மாநில அமைச்சர் ஒருவரைக் கடத்திக் கொன்றனர். வாரியத்தின் பிரெஞ்சுப் பிரிவு இயக்குநர்கள் அரசியல் கூர்மையுள்ள படங்களை எடுத்துவந்தனர். நியூமனுக்கோ பிரெஞ்சு மொழி தெரியாது. டெனி ஆர்க்கான் இயக்கிய 'ஒன் ஏ ஓ கோத்தோன்', கியூபெக் துணி ஆலைத் தொழிலாளரின் நிலையைக் காட்டும் ஆவணப்படம். பஞ்சாலையில் இருக்கிறோம் என்பதோடு, களைத்துப்போனோம் என்றும் பொருள்தரும் தலைப்பு இது. இப்படத்தை வெளியிட நியூமன் அனுமதிக்கவில்லை. படத்தின் படிகள் மறைவாகக் கைமாறின. நியூமன் பதவி விலகிய பின்னரே, 1976-இல் அது முறைப்படி வெளிவந்தது. ஜில் குரூ இயக்கிய வேறொரு படமும் இதேபோல் நிறுத்தப்பட்டு 1977-இல் வெளிவந்தது.

1975-இல் இவருடைய பதவிக்காலம் நீட்டிக்கப்படாமல் முடிந்தது.

மதிப்பீடு

பிரிட்டனில் நியூமன் வெளியிலிருந்து வந்தவர். அந்நாட்டின் வர்க்க வேறுபாடுகளில் அவருக்குப் பங்கில்லை. அதனால் பிறர் கண்டும் காணாமல் விட்டதை அவரால் பார்க்க முடிந்தது. சொந்த நாட்டிலோ அரசின் பிரதிநிதியாக, தமக்குத் தெரியாத மொழி பேசிய கலைஞர்கள்மேல் அதிகாரம் செலுத்தும் இடத்தில் இருந்தார். டாலெக் விவகாரத்தில் தம் விதியை மீறியவரை விட்டுக்கொடுத்து ஏற்ற அவர், இங்கு அவ்வாறு ஏற்கவில்லை. அதற்கு அரசியல் நெருக்கடி ஒரு காரணம் எனலாம். ஆனால் இழப்பு அந்தத் தொழிலாளருக்கும் பார்வையாளருக்குமே.

1981-இல் கனடாவின் உயரிய விருதுகளுள் ஒன்றான 'ஆர்டர் ஆஃப் கனடா' இவருக்கு வழங்கப்பட்டது. 1986-இல் பிபிசிக்கு எழுதிய ஆலோசனையில், டாக்டர் பாத்திரத்தைப் பெண்ணாக மாற்றலாம் என்று குறிப்பிட்டார். அப்போது அது ஏற்கப்படவில்லை. 2017-இல் நடிகை ஜோடி விட்டேக்கர் அப்பாத்திரத்துக்குத் தேர்வு செய்யப்பட்டார். நியூமன் 1997-இல் டொரன்டோவில் மாரடைப்பால் காலமானார். தொடர் தோன்றிய வரலாற்றைக் கூறும் 2013-ஆம் ஆண்டு பிபிசி நாடகத்தில் நியூமனாக பிரையன் காக்ஸ் நடித்தார்.